கைக்குக் கை வாங்கிய உப்பு

ஃபிரிஸ்கோ, டெக்சாஸ்
ஜூலை 8, 2025

மீனாக்ஷிக்கு அண்ணா எழுதுவது,

உன் பெண் விஷாகாவின் கல்யாணப் பத்திரிகை மாதிரியை மருமகள் ஷ்யாமளா அவள் போனில் காட்டினாள். நல்ல தாள், நல்ல எழுத்து. நவம்பர் கடைசியில் முகூர்த்தம், பிரிட்ஜ்வாட்டர் கோயில் மண்டபம், எல்லாம் சரி. நான் வரவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போன் செய்யாதே, எடுக்க மாட்டேன். குடும்ப வாட்ஸாப் குழுவிலிருந்தும் வெளியே வந்துவிட்டேன். போனில் நீ அழுவாய், நான் கத்துவேன், மறுநாள் ஆளுக்கொரு விதமாகச் சொல்லிக்கொண்டு திரிவோம். எழுது. எழுதினால் பேச்சு மாறாது.

மே மாதம் இங்கிலாந்துக்கு நான் ஊர் சுற்ற ஆசைப்பட்டு வரவில்லை. உன் ஆத்துக்காரருக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகியிருந்தது. மாப்பிள்ளை வீட்டைப் பார்க்கப் பெண் வீட்டுப் பெரியவராக ஒருத்தர் வேண்டும் என்று நீதான் கூப்பிட்டாய். விமானத்தில் உட்கார்ந்ததுமே, "அண்ணா, நீ எதுவும் பேச வேண்டாம், கூட வந்து நின்னா போறும்" என்றாய். அப்போதே திரும்பி இறங்கியிருக்க வேண்டும். கதவைச் சாத்திவிட்டார்கள்.

கடைசி நாள் அவர்கள் வீட்டில் என்ன நடந்தது? மாப்பிள்ளை எலியட்டின் அம்மா ஜேனட் ஒரு கண்ணாடி ஜாடி உப்பை உனக்குப் பரிசாக நீட்டினாள். நீ கையை நீட்டினாய். நான் கத்தினேன், தடுத்தேன், ஜாடி விழுந்து உடைந்தது. நான் ஏன் கத்தினேன் என்று உனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் அவர்களிடம் திரும்பி, "எங்கள் அண்ணா படிக்காதவர், மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள்" என்று இங்கிலீஷில் சொன்னாய். எனக்கு இங்கிலீஷ் புரியாது என்று நினைத்துச் சொன்னாயா, புரியட்டும் என்றே சொன்னாயா? இரண்டில் எது மோசம் என்று நானும் இரண்டு மாதமாக யோசிக்கிறேன்.

போதாததற்கு அந்தம்மாள் தரையில் கொட்டிக் கிடந்ததை ஒரு சிட்டிகை எடுத்து என் முகத்தில் வீசினாள். நீ பார்த்துக்கொண்டு நின்றாய்.

நீ படித்தவள். நான் ஏன் படிக்கவில்லை என்பதும் உனக்குத் தெரியாதது இல்லை.

மாலை மாற்றும்போது பெண்ணைத் தூக்கத் தாய்மாமன் வேண்டும் என்பாய். படித்தவர் யாரையாவது பார்.

ஜம்புநாதன்


பிரிட்ஜ்வாட்டர், நியூ ஜெர்சி
ஜூலை 20, 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

எழுதச் சொன்னாய், எழுதுகிறேன். ஆபீஸ் விட்டு வந்து, சமையல் முடித்து, இவருக்கு எக்சர்சைஸ் செய்துவிட்டு, பேனாவைத் தேடி எடுத்து உட்கார்ந்திருக்கிறேன். இந்த வீட்டில் பேனா இருப்பதே பெரிய விஷயம்.

முதலில் படிப்பு. நீ எனக்காகப் படிப்பை விட்டாய் என்று உன் பிள்ளை க்ரிஷ் இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறான். நீ ஹெட்மாஸ்டரோடு சண்டை போட்டுக்கொண்டு வெளியே வந்தாய் அண்ணா. மன்னிப்புக் கடிதம் கொடுத்தால் சேர்த்துக்கொள்கிறேன் என்றார், நீ கொடுக்கவில்லை. எனக்கு அப்போது மூன்று வயது. என்னை ஏன் இதில் இழுக்கிறாய்?

இங்கிலாந்தில் நடந்ததை நீ கடைசி அரைமணியிலிருந்து ஆரம்பிக்கிறாய். நான் முதல் நாளிலிருந்து சொல்கிறேன்.

எலியட்டின் அப்பா கிளைவும் ஜேனட்டும் நமக்காக மற்ற வேலையெல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு, அவர்கள் ஊர் நார்த்விச்சைச் சுற்றிக் காட்டினார்கள். ஆற்றிலிருந்து மேலே கால்வாய்க்குப் படகுகளைத் தூக்கிவிடும் அந்தப் பெரிய இரும்பு மேடையைப் பார்க்கப் போனோம். பழுதுபார்ப்புக்காக நிறுத்திவைத்திருந்தார்கள். அதற்குக்கூட நீ, "இவ்வளவு தூரம் கூட்டிண்டு வந்து மூடின கடையைக் காட்டறாரே" என்றாய். தமிழில்தான் சொன்னாய், ஆனால் முகத்துக்கு மொழி கிடையாது. கிளைவ் பாவம், மழைத் தூறலில் கால் மணி நேரம் மன்னிப்புக் கேட்டார்.

மறுநாள் பழைய உப்பாலை. இப்போது அது மியூசியம். கிளைவின் தாத்தா அங்கே கொதிக்கும் தொட்டியின் ஓரம் நின்று உப்பு வாரியவர். அதனால்தான் அவர் ரிடையரானபின் சம்பளமில்லாமல் அங்கே வழிகாட்டியாக இருக்கிறார். அந்த இரும்புத் தொட்டியைத் தொட்டுக் காட்டி, தாத்தாவின் கையெல்லாம் எப்படி வெடித்திருக்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். நீ குறுக்கே புகுந்தாய். "இந்த உப்புதானே கல்கத்தாவுக்குப் போனது? அங்கே சொந்தமாக உப்புக் காய்ச்சினவனைப் பிடித்து உள்ளே போட்டார்களே, அந்தப் படம் எந்தச் சுவரில் மாட்டியிருக்கிறது?" என்று கேட்டாய். மற்ற விசிட்டர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். விஷாகா முகம் சிவந்து வெளியே போய்விட்டாள்.

அன்று சாயந்திரம் ஜேனட் ஆசையாகக் கொடுத்த உப்பைத் தட்டிவிடுகிறாய். அங்கே வாங்கிய உப்பு, அந்த ஊர் உப்பு. யாராயிருந்தாலும் என்ன நினைப்பார்கள்? கல்கத்தா கோபத்தை ஜேனட் கையில் காட்டினாய் என்றுதான் நானும் நினைத்தேன், அவர்களும் நினைத்தார்கள். அந்த நேரத்தில் வாயில் வந்ததைச் சொன்னேன். படிக்காதவர் என்றது தப்பு. அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். ஆனால் அவள் உன் முகத்தில் உப்பை வீசினாள் என்பதை நான் நம்ப மாட்டேன். பெருக்கும்போது ஏதாவது தெறித்திருக்கும்.

விஷாகாவுக்கு நீ ஒரே மாமா. வா அண்ணா.

மீனா


ஃபிரிஸ்கோ
ஆகஸ்ட் 3, 2025

மீனாக்ஷிக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நீ நடிக்கிறாயா, நிஜமாகவே மறந்துவிட்டாயா என்று தெரிந்துகொள்ளத்தான். மறந்துதான் விட்டாய் என்று முடிவுக்கு வந்திருக்கிறேன். அதுதான் இன்னும் ஆத்திரமாக இருக்கிறது.

உப்பைக் கைக்குக் கை வாங்கக் கூடாது. வாங்கினால் இரண்டு வீட்டுக்கும் ஜென்மப் பகை. அம்மா அடுத்த வீட்டு மாமிக்கு உப்புக் கொடுத்தால் கிண்ணத்தைக் கீழே வைப்பாள், மாமி கீழேயிருந்து எடுத்துக்கொள்வாள். ஒருநாள் நீ அவசரத்தில் கையில் கொடுத்துவிட்டு முதுகில் அறை வாங்கினாய். அந்த மாமியும் அப்புறம் நம்மோடு பேசவில்லை. அது வேறு காரணத்துக்காக என்று நீ சொல்வாய். பேசவில்லை அல்லவா?

சம்பந்தம் பேசப் போன இடத்தில், சம்பந்தியம்மாள் ஜாடி நிறைய உப்பை எடுத்துப் பெண்ணின் அம்மா கையில் வைக்கிறாள். நான் என்ன செய்ய வேண்டும்? கை கட்டி நிற்க வேண்டுமா? "கையில வாங்காதே, கீழ வைக்கச் சொல்லு" என்று கத்தினேன். நீ வாங்கப் போனாய், நடுவில் கையை விட்டேன். ஜாடி உடையும் என்று சொல்ல எனக்கென்ன ஜோசியமா தெரியும்?

கல்கத்தா கேள்வி வேறு, இந்தக் கத்தல் வேறு. இரண்டையும் ஒன்றாகக் கட்டியது நீதான். அந்தக் கேள்வியை நான் திரும்ப வாங்கிக்கொள்ள மாட்டேன். அந்த மனுஷர் பெயர் கிளைவ் என்பதற்காகக் கேட்டேன் என்று உன் பெண் சொன்னாளாம். பெயர் பெற்றவர்கள் வைப்பது. நான் கேட்டது சரித்திரம். அவரும் பதில் சொன்னார்: "அதையும் சுவரில் மாட்டத்தான் வேண்டும்" என்று. நீ அப்போது விஷாகாவைத் தேடி வெளியே ஓடியிருந்தாய், கேட்கவில்லை.

நீ எழுதாமல் விட்டது இன்னும் இருக்கிறது. அந்த ஊரில் பூமிக்குள் இருந்த உப்பைக் கரைத்துக் கரைத்து உறிஞ்சி, மேலே தெருவெல்லாம் இறங்கிவிட்டது. வீடுகள் சாய்ந்தன, கடைகள் புதைந்தன. பிறகு மரச்சட்டம் போட்டுக் கட்ட ஆரம்பித்தார்கள். நிலம் இறங்கினால் கட்டடத்தை அடியில் ஜாக்கி வைத்துத் தூக்கி நிறுத்திவிடலாம். கடைத்தெருவில் நின்று கிளைவ் இதைச் சொன்னபோது நான் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினேன். ஆயுசு முழுக்கப் பம்பு விற்றவன் நான், பூமியை உறிஞ்சினால் என்ன ஆகும் என்று பல வாடிக்கையாளரிடம் தொண்டை வறளச் சொல்லியிருக்கிறேன். அரை மணி நேரம் பேசிக்கொண்டு நின்றோம். நீ காபிக் கடைக்குள் இருந்தாய்.

இப்போது நான் கேட்பது ஒன்றே ஒன்று. அவர்கள் இரண்டு பேருக்கும் உண்மையைச் சொல். எங்கள் அண்ணா உங்கள் உப்பை வேண்டாம் என்று சொல்லவில்லை, இரண்டு குடும்பமும் நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் கத்தினார் என்று சொல். சொன்னால் வருகிறேன்.

அவள் வீசினாள். என் கண்ணில் பட்டது. எரிந்தது.

ஜம்புநாதன்


பிரிட்ஜ்வாட்டர்
ஆகஸ்ட் 24, 2025

அண்ணா,

உன் கடிதம் வந்த அன்று கோயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். பார்க்கிங் லாட்டில் காரை நிறுத்திவிட்டுப் படித்தேன். உள்ளே போகவில்லை, அப்படியே திரும்பி வந்துவிட்டேன்.

மறந்துதான் போயிற்று. சத்தியமாக. இங்கே உப்பு பாக்கெட்டில் வருகிறது. சாப்பாட்டு மேஜையில் யாராவது உப்புக் கேட்டால் கையில் எடுத்துக் கொடுக்கிறேன். முப்பது வருஷமாக எத்தனை பேர் கையில் கொடுத்திருப்பேன்! அம்மா அறைந்தது மட்டும் நீ எழுதியதும் ஞாபகம் வந்தது. இடது பக்கம்.

ஆனால் அவர்களுக்குச் சொல்ல முடியாது அண்ணா. கோபப்படாமல் கேள். விஷாகாவிடம் சொன்னேன். அவள் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "அம்மா, மாமா காலனியல் ஹிஸ்டரிக்காகக் கோவிச்சுண்டார்னு எலியட் ஆத்துல எல்லாரும் ரெஸ்பெக்டா நினைச்சுண்டிருக்கா. கிளைவ் அதுக்கப்புறம் புக்ஸ்லாம் வாங்கிப் படிக்கறார். இப்போ போய், இல்ல, அவர் உப்புக்குப் பயந்துட்டார்னு சொன்னா எப்படி இருக்கும்? ப்ளீஸ், லீவ் இட்" என்றாள்.

அவள் சொல்வதும் எனக்குப் புரிகிறது. சரித்திரத்துக்காகக் கத்தினால் மரியாதை. இதற்காகக் கத்தினால் பின்னால் சிரிப்பார்கள். உன்னைப் பார்த்து அவர்கள் சிரிப்பதை என்னால் தாங்க முடியாது. உனக்காகத்தான் சொல்கிறேன்.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும், வேறு யார் மூலமாகவோ உனக்குத் தெரிவதைவிட. நீ வரமாட்டேன் என்று எழுதியபின், கல்யாணம் நடத்திவைக்கும் வாத்தியார் தாய்மாமன் யார் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கோயில் கமிட்டியில் ஸ்ரீநிவாஸ் என்று ஒருவர், எங்கள் தெருதான். விஷாகாவைக் குழந்தையிலிருந்து பார்த்தவர். மாமா ஸ்தானத்தில் நிற்க முடியுமா என்று கேட்டேன். சரி என்றார். பட்டு வேஷ்டிகூட வாங்கிவிட்டார்.

நீ வந்தால் அவரிடம் பேசிக்கொள்ளலாம். எதுவும் கெட்டுப்போகவில்லை.

மீனா


ஃபிரிஸ்கோ
செப்டம்பர் 6, 2025

மீனாக்ஷிக்கு,

அவமானப்பட்டது நான். வெட்கப்படுவது நீ. இது எந்த ஊர் நியாயம்?

என்னைப் பார்த்து அவர்கள் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். நான் எதை நம்புகிறேனோ அதற்காகச் சிரிக்கட்டும். நான் செய்யாத காரியத்துக்கு அவர்கள் கொடுக்கும் மரியாதை எனக்கு வேண்டாம். அது வேறு யாருடைய சட்டையையோ எடுத்துப் போட்டுக்கொள்வது போல இருக்கிறது.

ஸ்ரீநிவாஸ் நல்ல மனுஷராக இருக்கலாம். உன் கூடப் பிறந்தவன் உயிரோடு இருக்கும்போது இன்னொருத்தரை அண்ணனாக நிறுத்த உனக்கு எப்படி மனசு வந்தது? கடையில் சைஸ் பார்த்து எடுக்கிற செருப்பா? நான் வரமாட்டேன் என்று சொன்னேன், வாஸ்தவம். ஆறு வாரம் பொறுக்க முடியவில்லையா உனக்கு?

சரி. கூப்பிட்டது கூப்பிட்டதுதான். இனிமேல் யார் காலில் விழுந்தாலும் அவரிடமிருந்து அந்த இடத்தைத் திரும்ப வாங்காதே. ஒரு மனுஷரைக் கூப்பிட்டு நிறுத்திவிட்டு, நீங்கள் நகர்ந்துகொள்ளுங்கள் என்று சொல்வது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். இன்னொருத்தருக்கு அது வேண்டாம்.

க்ரிஷும் ஷ்யாமளாவும் கல்யாணத்துக்கு வருவார்கள். எனக்கு டிக்கெட் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இனி எழுதவும் வேண்டாம்.

ஜம்புநாதன்


பிரிட்ஜ்வாட்டர்
அக்டோபர் 5, 2025

அண்ணா,

எழுத வேண்டாம் என்றாய். எழுதாமல் இருக்க முடியவில்லை.

சொல்லிவிட்டேன். போன ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில், கிளைவ், ஜேனட் இரண்டு பேரையும் உட்காரச் சொல்லி. விஷாகா பக்கத்தில் இருந்தாள், தடுக்கப் பார்த்தாள். "நீ சித்த சும்மா இரு" என்றேன். அவளிடம் நான் அப்படிப் பேசியதே இல்லை. உப்பைக் கைக்குக் கை கொடுத்தால் பகை வரும் என்பது எங்கள் வீட்டில் நாங்கள் வளர்ந்த வழக்கம், அண்ணா உங்கள் உப்பைத் தள்ளவில்லை, நம் இரண்டு வீட்டுக்கும் நடுவில் எதுவும் வந்துவிடக் கூடாது என்றுதான் கையை நீட்டினார் என்று சொன்னேன். படிக்காதவர் என்று நான் சொன்னது என் தப்பு, எனக்குத் தெரிந்ததைவிட அவருக்குத் தெரிந்தது அதிகம் என்றும் சொன்னேன்.

அவர்கள் சிரிக்கவில்லை. ஜேனட் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் அவள் என்ன சொன்னாள் தெரியுமா? அவர்கள் பக்கம் உப்புக் கொட்டினால் ஆகாதாம். கொட்டியதில் ஒரு சிட்டிகை எடுத்து இடது தோளுக்குப் பின்னால் வீச வேண்டுமாம். அங்கே பிசாசு நின்றுகொண்டிருக்குமாம், அதன் கண்ணில் விழ வேண்டுமாம். அவள் அம்மா செய்வாள், இவளும் யோசிக்காமல் செய்துவிட்டாள். அதற்குள் நீ பின்னால் வந்து நின்றதை அவள் பார்க்கவில்லை.

நீ சொன்னது நிஜம் அண்ணா. வீசினாள். நான் நம்பவில்லை.

அவளும் இத்தனை மாதமாக இதை யாரிடமும் சொல்லவில்லை. சிரிப்பார்கள் என்று பயமாம். கிளைவ்தான், "அப்படியானால் அந்த அறையில் ரெண்டு பேர் இந்தக் கல்யாணத்தைக் காப்பாற்றத்தான் பார்த்திருக்கிறார்கள், நடுவில் நாங்கள் முட்டாள் மாதிரி நின்றிருக்கிறோம்" என்றார். விஷாகா எழுந்து போய்விட்டாள். அப்புறம் சமையலறையில் என்னிடம் வந்து, "மாமாகிட்ட நான் பேசட்டுமா?" என்றாள். போனை எடுக்க மாட்டார் என்றேன்.

ஸ்ரீநிவாஸிடம் நான் எதுவும் கேட்கவில்லை. நீ சொன்னது சரி. கேட்டால் விட்டுக்கொடுத்துவிடுவார், அதனாலேயே கேட்கக் கூடாது. ஆனால் நீ வந்து சபையில் உட்கார்ந்திருக்க, உன் எதிரிலேயே வேறொருவர் விஷாகாவைத் தூக்குவதை எப்படிப் பார்ப்பேன்? எனக்கு வழி தெரியவில்லை. நீயே சொல்.

கல்யாண வேலையில் தினம் ஒரு தலைவலி. மாப்பிள்ளையையும் அவன் மாமா தூக்க வேண்டும் அல்லவா? ஜேனட் வீட்டுக்கு ஒரே பெண், அண்ணன் தம்பி கிடையாது. எலியட்டுக்கு மாமா என்று ஒருவரும் இல்லை. அவனை மட்டும் தூக்காமலே மாலை மாற்றிவிடலாம் என்று வாத்தியார் சொல்லிவிட்டார். ஜேனட்டுக்குத்தான் கொஞ்சம் வருத்தம், "என் பிள்ளைக்கு மட்டும் யாரும் இல்லாமல் போய்விட்டது" என்றாள்.

கோபம் இருந்தால் அதையாவது எழுது.

மீனா


ஃபிரிஸ்கோ
நவம்பர் 2, 2025

மீனாவுக்கு,

பிசாசு நிற்கிற இடத்தில் நான் நின்றேன் என்பதைப் படித்துவிட்டு ஷ்யாமளா சோபாவில் விழுந்து சிரித்தாள். க்ரிஷ் அதை ஆபீஸில்கூடச் சொல்லியிருக்கிறான். நான் சிரிக்கவில்லை. கண்ணில் உப்பு விழுந்தவனுக்குச் சிரிப்பு வராது. ஆனால் அந்தம்மாள் செய்தது சரி. கொட்டினால் ஏதாவது செய்யத்தான் வேண்டும். ஒன்றும் செய்யாமல் காகிதத்தில் துடைத்துப் போட்டவள் நீ.

கல்கத்தா விஷயத்தில் நான் சொன்னது சொன்னதுதான். அதைப் பற்றிக் கிளைவிடம் இன்னும் பேச வேண்டியிருக்கிறது. நேரில் பேசிக்கொள்கிறோம்.

ஸ்ரீநிவாஸைத் தொடாதே. வேஷ்டி வாங்கினவர் கட்டிக்கொள்ளட்டும். உன் பெண்ணை அவர் தூக்கட்டும். எனக்கு அதில் ஒன்றும் இல்லை என்று சொன்னால் பொய். இருக்கிறது. ஆனாலும் அவர்தான் தூக்க வேண்டும்.

ஆனால் இன்னொன்று கேட்கிறேன். உன் பெண் மட்டும் மேலே இருப்பாள், மாப்பிள்ளைப் பையன் தரையில் நின்று அண்ணாந்து பார்த்து மாலை போடுவானா? கடல் தாண்டி வந்தவர்களுக்கு நீ செய்கிற மரியாதையா இது? வாத்தியாருக்கென்ன, அவருக்குச் சீக்கிரம் முடிந்தால் சரி. ஒரு பெண்ணுக்கு உடன்பிறந்தவன் இல்லை என்றால் அவள் பிள்ளைக்கு மாமனே இல்லை என்று ஆகிவிடுமா? ஊரில் எத்தனை கல்யாணத்தில் ஒன்றுவிட்டவனும் ரெண்டுவிட்டவனும் வந்து நின்றிருக்கிறார்கள்!

உன்னைக் கேட்டுக்கொண்டிருந்தால் நவம்பர் முடிந்துவிடும் என்று ஜேனட்டுக்கு நானே எழுதினேன். என் இங்கிலீஷில் எழுதினேன். ஷ்யாமளா திருத்தித் தருகிறேன் என்றாள், வேண்டாம் என்றேன். உங்களுக்கு ஆட்சேபம் இல்லையென்றால் உங்கள் அண்ணனாக நான் நிற்கிறேன், எனக்கு எழுபத்து நாலு வயது, உங்கள் பிள்ளை ஆறடிக்கு மேல், என்னால் தனியாகத் தூக்க முடியாது, என் பிள்ளையும் அவன் சிநேகிதர்களும் தோள் கொடுப்பார்கள், நான் முன்னால் நின்று காலைப் பிடித்துக்கொள்வேன், ஆனால் மாமன் நான்தான் என்று எழுதினேன்.

பதில் வந்துவிட்டது. நாலே வரி. முதல் வரியில் "டியர் பிரதர்" என்று போட்டிருக்கிறாள். மீதி மூன்று வரி உனக்குத் தேவையில்லை.

ஆகையால் நான் வருகிறேன். நீ கூப்பிட்டதற்காக அல்ல. மன்னிப்புக் கேட்கவும் அல்ல. ஒருத்தி கேட்காமலே அவளுக்கு அண்ணனாகிவிட்டேன், அந்த வேலைக்காக வருகிறேன்.

ஒன்றை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள். நான் மாப்பிள்ளை வீட்டுக்காரன். சம்பந்தி உபசாரத்தில் குறை இருந்தால் சபையிலேயே கேட்பேன். எனக்கும் அவர்கள் தங்கும் ஹோட்டலில்தான் அறை போட வேண்டும், உன் வீட்டு பேஸ்மென்ட்டில் அல்ல. காபி கொதிக்கக் கொதிக்க வர வேண்டும், மைக்ரோவேவில் வைத்தது கூடாது. கிளைவுக்கும் ஜேனட்டுக்கும் உங்கள் வழக்கம் தெரியாது என்று நினைத்து எதையும் சுருக்கிவிடாதே. எனக்குத் தெரியும். பக்கத்திலேயே இருப்பேன்.

மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கும்போது பெண்ணின் தாயார் மண்டப வாசலுக்கு வந்து அழைக்க வேண்டும். அவர்கள் இருவரும் பாவம், தெரியாமல் இறங்கிவிடுவார்கள். நான் இறங்க மாட்டேன். கார் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்திருப்பேன். குளிரானாலும் சரி, முகூர்த்தம் தவறினாலும் சரி.

நீ வந்து கூப்பிட வேண்டும்.

ஜம்புநாதன்
மாப்பிள்ளைக்கு மாமன்